சுவருக்குள் புதைந்துபோன பிளக் பாக்ஸ்: மலை வீடுகளுக்கான கேள்வி பதில்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் ஒரு வீட்டைப் புதுப்பித்தால் சுவர்மேல் ஏதாவது ஒன்று ஏறும். குளிருக்குப் பலகை அடிப்பார்கள், ஓதம் தெரியாமலிருக்க இன்னொரு பூச்சு பூசுவார்கள், சமையலறையில் பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டுவார்கள். சுவர் முன்னால் வந்துவிடும், கரண்ட் பாக்ஸ் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். அதைச் சரிசெய்வது பற்றி வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கவர் பிளேட் சுவரோடு ஒட்டித்தானே இருக்கிறது, பாக்ஸ் உள்ளே போய்விட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கவர் பிளேட்டைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. மாடுலர் வகையில் சுவருக்குள் பாக்ஸ், அதன் காதில் (ஸ்குரூவுக்கான புரி உள்ள நீட்டத்தில்) ஸ்குரூ போட்டுப் பிடிக்கும் ஃப்ரேம், ஃப்ரேமில் சொருகும் சாக்கெட்டும் ஸ்விட்சும், எல்லாவற்றுக்கும் மேலே அழகுக்கு ஒரு பிளேட் என்று நான்கு அடுக்கு உண்டு. பிளேட் ஃப்ரேமைத்தான் கவ்வும். அதனால் பாக்ஸ் ஒரு அங்குலம் உள்ளே கிடந்தாலும் பிளேட் ஒழுங்காகத்தான் தெரியும்.

கையால் பார்த்தால் தெரிந்துவிடும். பிளக்கை அழுத்திச் சொருகும்போது சாக்கெட் உள்வாங்குகிறதா? பிடுங்கும்போது பிளேட்டும் கூடவே வருகிறதா? பிளேட்டின் நடுப்பகுதி குழிந்தோ, மூலையில் கீறல் விட்டோ இருக்கிறதா? இதில் ஏதாவது ஒன்று இருந்தால், மெயினை நிறுத்திவிட்டுப் பிளேட்டையும் ஃப்ரேமையும் கழற்றிப் பாருங்கள். ஸ்குரூ இரண்டு சுற்று மட்டுமே பிடித்திருப்பதைப் பெரும்பாலும் காணலாம்.

எவ்வளவு உள்ளே இருந்தால் பரவாயில்லை?

திறப்பின் குறுக்கே ஒரு இரும்பு ஸ்கேலை சுவரில் படிய வையுங்கள். இன்னொரு ஸ்கேலால் அதன் அடிவிளிம்பிலிருந்து பாக்ஸின் வாய்வரை அளக்கவும். நான்கு மூலையிலும் அளக்க வேண்டும். பழைய வீடுகளில் பாக்ஸ் சாய்ந்தே இருக்கும், ஒரு மூலை 8 மி.மீ., எதிர்மூலை 15 மி.மீ. என்று வருவது சகஜம். பெரிய அளவையே கணக்கில் எடுங்கள்.

சிமெண்ட், கல், டைல்ஸ் போன்ற எரியாத சுவரில் 6 மி.மீ. வரை இருந்தால், ஃப்ரேம் சுவரில் நன்றாக உட்கார்ந்து ஸ்குரூவும் ஆழமாகப் பிடித்தால், அப்படியே விடலாம். மரப்பலகை, பிளைவுட் போன்ற எரியக்கூடிய சுவரில் விடுபடும் அளவு என்று ஒன்று கிடையாது. பாக்ஸின் வாய் பலகையின் முகப்போடு சமமாக இருக்க வேண்டும், அல்லது ஒரு நூல் வெளியே நிற்கலாம். அமெரிக்க தேசிய மின் விதித்தொகுப்பின் 314.20ஆம் பிரிவு இதே அளவுகளைத்தான் சொல்கிறது. அது இங்கே சட்டமல்ல. ஆனால் காரணம் எங்கும் ஒன்றுதான் என்பதால், மலையில் பலகை அடித்த வீடுகளுக்கு இதையே அளவுகோலாக வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு அங்குல இடைவெளியால் அப்படி என்ன ஆபத்து வந்துவிடும்?

ஆட்டம் கொடுக்கும் சாக்கெட்டில் இருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. ஒவ்வொரு முறை பிளக் போடும்போதும் பின்னால் இருக்கும் வயர் மடங்கி நிமிர்கிறது, டெர்மினல் ஸ்குரூ கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. லூஸ் கான்டாக்ட் என்றால் அந்த இடத்தில் தடை கூடுகிறது, தடை கூடினால் சூடு.

2000 வாட் ரூம் ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். டெர்மினலில் 0.1 ஓம் தடை கூடினால் அந்தப் புள்ளியில் சுமார் 7.5 வாட் சூடு பிறக்கும். 0.3 ஓம் ஆனால் 22 வாட்டைத் தாண்டும். ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் வைத்திருக்கும் சின்ன சோல்டரிங் அயர்னை சுவருக்குள் சொருகி வைத்ததற்குச் சமம் அது. கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்சான எம்சிபி இதைக் கண்டுபிடிக்காது. அது பார்ப்பது கரண்டின் அளவை மட்டும்தான், ஹீட்டர் இழுப்பதோ வழக்கமான 8.7 ஆம்பியர்.

பாக்ஸ் சரியான இடத்தில் இருந்தால் இந்தச் சூடும் தீப்பொறியும் பாக்ஸுக்குள்ளேயே அடங்கும். உள்ளே போயிருந்தால், பாக்ஸின் வாய்க்கும் பிளேட்டுக்கும் நடுவில் நான்கு பக்கமும் சுவர்தான். அது பலகையாக இருந்தால், பலகையின் வெட்டு முனையும் அதன் பின்னால் சேர்ந்திருக்கும் மரத்தூளும் ஒட்டடையும் நேராக அந்தச் சூட்டைப் பார்க்கின்றன.

சமவெளி வீடுகளைவிட மலையில் இதற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

ரூம் ஹீட்டரும் கீசரும் வருடத்தில் பல மாதம் ஓடுகின்றன. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி இறங்கும் இரவுகளில் ஒரே பாயிண்டில் ஐந்தாறு மணிநேரம் முழு லோடு ஓடும். ஹோம்ஸ்டே, காட்டேஜ் வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். தங்க வருபவர் 6 ஆம்பியர் சாக்கெட்டில் அடாப்டர் போட்டு ஹீட்டரை மாட்டுவதை யாராலும் தடுக்க முடியாது.

அடுத்தது மரம். மழைக்காலத்தில் பலகை ஈரம் குடித்து உப்பும், பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்து சுருங்கும். ஃப்ரேமைப் பலகைமேல் வைத்து முறுக்கியிருந்தால், சுருங்கும் காலத்தில் ஸ்குரூ தானாகவே தளர்ந்துவிடும். ‘போன வருடம்தான் டைட் பண்ணினோம், மறுபடி ஆடுகிறது’ என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மழைநாளில் கரண்ட் போயிருக்கும்போது இந்த வேலையை முடித்துவிடலாமா?

கூடாது. மரம் விழுந்து லைன் அறுந்தால் எப்போது சரியாகும் என்று சொல்ல முடியாது, சொல்லாமல் வரும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் ஊரெல்லாம் இருட்டாக இருந்தாலும் உங்கள் பாக்ஸில் 230 வோல்ட் இருக்கலாம். எஸ்டேட் குடியிருப்புகளில் ஜெனரேட்டரும் சேரும்.

மெயினை நிறுத்துங்கள். இன்வெர்ட்டரை அதன் ஸ்விட்சில் அணைத்து, அதிலிருந்து வீட்டுக்குப் போகும் எம்சிபியையும் இறக்குங்கள். பிறகு சோதிக்க வேண்டும். நியான் டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். அது உங்கள் உடல்வழியாகத் தரைக்குப் போகும் மிகச் சிறிய கரண்டில் எரிவது. மரத்தரையில் கம்பளிச் சாக்ஸும் ரப்பர் செருப்புமாக நிற்பவர் கையில், லைன் இருந்தாலும் மங்கலாகத்தான் எரியும், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. மல்டிமீட்டரோ டெஸ்ட் லேம்போ எடுத்து, மெயினை நிறுத்தும் முன்பே, கரண்ட் இருப்பது நிச்சயமான ஒரு பாயிண்டில் வைத்துக் கருவி வேலை செய்கிறதா என்று பாருங்கள். மெயினை அணைத்தபின், வேலை செய்யப்போகும் பாக்ஸில் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் பாருங்கள்.

நீளமான ஸ்குரூ வாங்கிப் போட்டால் போதாதா?

எரியாத சுவரில், திறப்பு சின்னதாக இருந்து ஃப்ரேம் நான்கு பக்கமும் சுவரில் உட்கார்ந்தால், போதும். ஆனால் நீளத்தைக் கணக்குப் போட்டு வாங்குங்கள்: பள்ளத்தின் ஆழம், அதோடு ஃப்ரேமின் தடிப்பு, அதோடு காதுக்குள் பிடிக்க 8 மி.மீ. பள்ளம் 18, ஃப்ரேம் 4 என்றால் 30 மி.மீ. ஸ்குரூ. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 50 மி.மீ. போட்டால் அதன் முனை காதைத் தாண்டிப் பின்னால் நீண்டு, மடங்கிக் கிடக்கும் வயரின் தோலைக் குத்தும். ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) அடிக்கடி விழுந்து காரணம் புரியாத வீடுகளில் பார்க்க வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

புரிகளின் அளவு எல்லா பாக்ஸிலும் ஒன்றல்ல, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய ஸ்குரூ ஒன்றைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். வேண்டிய நீளத்தில் கிடைக்காவிட்டால் நீளமானதை வாங்கி வெட்டிக்கொள்ளலாம். வெட்டும் முன் அதே அளவு நட்டு ஒன்றை ஸ்குரூவில் ஏற்றி, வெட்டும் இடத்துக்கு மேலே நிறுத்துங்கள். ஹேக்சாவால் அறுத்து, முனையை அரத்தால் ராவிய பிறகு நட்டை வெளியே சுற்றி எடுங்கள். கடைசிப் புரியில் நின்ற பிசிறை நட்டே வழித்துக்கொண்டு வந்துவிடும். நட்டு போடாமல் அறுத்தால் அந்தப் பிசிறு பாக்ஸின் காதில் உள்ள புரியைத் தின்றுவிடும்.

ஸ்குரூ பிடிக்கிறது, ஆனால் முறுக்க முறுக்க ஃப்ரேம் உள்ளே வளைகிறது. என்ன செய்வது?

டைல்ஸ்காரர் திறப்பைப் பெரிதாக வெட்டியிருப்பார், ஃப்ரேமுக்கு உட்கார இடமில்லை. காதுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் ஸ்குரூவைச் சுற்றி ஒரு தாங்கல் வேண்டும். நைலான் ஸ்பேசர் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் ஸ்குரூ தாராளமாக நுழையும் கெட்டியான பிளாஸ்டிக் குழாயைப் பள்ளத்தின் ஆழத்துக்குச் சரியாக அறுத்துப் போடலாம். எம்4 (4 மி.மீ. ஸ்குரூவுக்கான) நட்டுகளை அடுக்கியும் செய்யலாம், ஒன்று 3.2 மி.மீ. தடிப்பு. நுண்ணிய வித்தியாசத்துக்கு வாஷர். பாக்ஸ் சாய்ந்திருந்தால் இரண்டு பக்க ஸ்பேசரும் வேறு வேறு நீளம் இருக்கும், அது சரிதான்.

இதற்குத் தீக்குச்சி, அட்டை, மரச்சீவல் எதுவும் வைக்காதீர்கள். சூட்டில் கருகும், ஈரத்தில் நசியும்.

பிளேட்டுக்கு வெளியே ஓட்டை தெரிந்தால் அதையும் அடைக்க வேண்டும். பாக்ஸின் விளிம்பைச் சுற்றி 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி விடாமல் வெள்ளை சிமெண்ட்டாலோ டைல்ஸ் பசையாலோ பூசிவிடுங்கள்.

மரப்பலகை சுவருக்கு எது சரி?

ஸ்குரூவும் ஸ்பேசரும் ஆட்டத்தைத்தான் நிறுத்தும், பலகையின் வெட்டு முனையை மறைக்காது. இங்கே பாக்ஸையே பலகையின் முகப்புவரை நீட்ட வேண்டும். நம் ஊர் அளவு பாக்ஸுக்கென்று நீட்டிப்பு வளையம் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை என்பதால், அதே கம்பெனி, அதே மாடல் பாக்ஸ் இன்னொன்று வாங்கி அடியை அறுத்துச் செய்துகொள்ளலாம்.

முதலில் பலகையின் திறப்பைப் பாருங்கள். ஆசாரி பாக்ஸின் உள்வாய் அளவுக்கு மட்டும் வெட்டியிருந்தால், பாக்ஸின் வெளியளவுக்கு மேல் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் இருக்கும்படி பெரிதாக்குங்கள். அதற்கு மேல் போகவேண்டாம், கவர் பிளேட் பாக்ஸைவிடச் சுற்றிலும் சில மில்லிமீட்டர்தான் அகலம்.

புது பாக்ஸின் வாய்ப்பக்கத்திலிருந்து பள்ளத்தின் ஆழத்தை அளந்து சுற்றிலும் கோடு போடுங்கள். கோட்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் ஹேக்சா வழுக்காது. அறுத்தபின் கையில் இருப்பது காதுகளோடு கூடிய, அடியில்லாத சட்டம். வெட்டு முனையை உள்ளும் புறமும் அரத்தால் ராவி, வயர் உரசினாலும் கீறாத அளவுக்கு மழமழப்பாக்குங்கள். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பாக்ஸாக இருந்தால் இதில் ஒரு துளி சலுகையும் கூடாது.

சட்டத்தின் காதில் இருக்கும் புரியை 4.5 மி.மீ. துளையாகப் பெரிதாக்குங்கள், பித்தளைப் புரி இருந்தால் கழற்றிவிடுங்கள். இப்போது நீண்ட ஸ்குரூ ஃப்ரேம்வழியாக நுழைந்து, சட்டத்தின் காதைத் தாண்டி, சுவருக்குள் இருக்கும் பழைய பாக்ஸின் காதில் போய்ப் பிடிக்கும். முறுக்கினால் மூன்றும் ஒரே உடம்பாக இறுகும். ஃப்ரேம் உட்காருவது சட்டத்தின்மேல், பலகையின்மேல் அல்ல. மரம் உப்பினாலும் சுருங்கினாலும் பிடி மாறாது.

காதின் உயரத்தைவிடக் குறைவான சட்டம் அறுக்க முடியாது. பள்ளம் அதைவிடக் குறைவு என்றால் பலகையைக் கழற்றிப் பாக்ஸையே முன்னால் கொண்டுவருவதுதான் வழி. ஹீட்டர், கீசர் பாயிண்டுக்கு ஜிஐ சட்டம் போடுவது மேல்.

டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டிய சமையலறை?

டைல் 8 முதல் 10 மி.மீ., பசை 3 முதல் 5 மி.மீ. ஆக 11 முதல் 15 மி.மீ. கூடும். நீண்ட ஸ்குரூவும் ஸ்பேசருமே போதும். டைல்ஸ் ஒட்டும் அன்றே ஸ்குரூவும் மாற்றிவிட வேண்டும். பிறகு செய்யப்போனால் பசை காதுத்துளைக்குள் இறுகிக் கல்லாகியிருக்கும்.

பாக்ஸைப் பெயர்த்து முன்னால் வைப்பதுதானே முறையான வழி?

ஆம், 25 மி.மீ.க்கு மேல் உள்ளே போயிருந்தாலோ, பாக்ஸ் துருப்பிடித்திருந்தாலோ அதைத்தான் செய்ய வேண்டும்.

வயர் முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றி, எது எங்கே இருந்தது என்று படம் எடுத்து வையுங்கள். பாக்ஸைச் சுற்றி உளியால் மெதுவாகக் கொத்துங்கள். பைப் நுழையும் பக்கத்தைக் கடைசியாக எடுங்கள், அங்கே உளி வழுக்கினால் வயர் போய்விடும். பாக்ஸ் முன்னால் வரும்போது பைப் எட்டாது. பாக்ஸின் பின்புறத்தில் நுழையும் பைப்பாக இருந்தால் கப்ளிங் போட்டு ஒரு துண்டு சேர்க்கலாம். மேலிருந்து இறங்கும் பைப்பாக இருந்தால் முனையில் சிறிது தூரம் காடியை வெட்டி, பைப்பை முன்னால் சாய்த்துக் கொண்டுவர வேண்டும். பைப்புக்கும் பாக்ஸுக்கும் நடுவில் வெறும் வயர் தெரியும்படி விட்டு சிமெண்ட் பூசுவது பெரிய தவறு. அடுத்த முறை வயர் இழுக்கவே முடியாது.

பாக்ஸுக்குள் காகிதத்தைத் திணித்து, காதுத்துளைகளின்மேல் டேப் ஒட்டிவிடுங்கள். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். முகப்பு எங்கே வரவேண்டும் என்பதற்கு, ஒட்டப்போகும் டைல்ஸ் துண்டையோ பலகைத் துண்டையோ சுவரில் வைத்து அதோடு சமமாக நிறுத்துங்கள். பின்னால் கல்சில்லு கொடுத்து, ஒன்றுக்கு நான்கு சிமெண்ட் கலவையை நெருக்கி அடையுங்கள். குளிர்காலத்தில் கலவை மெதுவாகத்தான் இறுகும், 5 டிகிரிக்குக் கீழே போகும் இரவுகளில் ஏறக்குறைய நின்றே போகும். சமவெளியில் மறுநாள் ஃப்ரேம் மாட்டலாம் என்றால் இங்கே மூன்று நாள் பொறுங்கள். ஈரம் வற்றும்வரை அந்த லைனுக்குக் கரண்ட் கொடுக்க வேண்டாம்.

சீக்கிரம் இறுகும் என்று பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) வைத்து அடைக்கிறார்களே?

பத்து நிமிடத்தில் வேலை முடியும் என்பதற்காக வைக்கிறார்கள். ஓதம் ஏறும் மலைச்சுவரில் பிஓபி ஈரம் குடித்து இளகிவிடும், ஜிஐ பாக்ஸையும் வேகமாகத் துருப்பிடிக்க வைக்கும். வேலைக்கு வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: சிமெண்ட் மட்டும்தான்.

எங்களுடையது பழைய கல் பங்களா. சுவரைக் கொத்தவே பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதே. சுண்ணாம்புக் காரையிலும் மண்ணிலும் கட்டிய சுவரில் ஒரு அடி ஓங்கி அடித்தால் பாக்ஸ் அளவுக்கு அல்ல, கூடை அளவுக்கு உதிரும். இங்கே வெளிப்பாக்ஸ்தான் நல்ல வழி. புதைந்த பாக்ஸை அப்படியே விட்டு, அதை முழுதாக மூடும் அகலத்தில் ஒரு சர்ஃபேஸ் பாக்ஸை மேலே பொருத்தி, பின்துளைவழியாக வயரைக் கொண்டுவாருங்கள். வயர் துளையின் விளிம்பில் உரசாமலிருக்க ஒரு ரப்பர் கிராமெட் (வளையம்) போட வேண்டும். பிடிப்பதற்கு நைலான் பிளக்கைக் காரை இணைப்பில் அல்லாமல் கல்லில் இறக்குங்கள். சுவரிலிருந்து இரண்டு அங்குலம் துருத்தி நிற்கும், பார்வைக்கு அவ்வளவு லட்சணமில்லை. ஆனால் ஆடாது, பிடுங்கிக்கொண்டு வராது.

இப்படிப்பட்ட வீட்டில் பாக்ஸைத் திறந்ததும் துணி சுற்றிய ரப்பர் வயரோ அலுமினிய வயரோ தென்பட்டால், பாக்ஸ் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அந்த ரப்பர் தொட்டாலே பொடியாகும். அந்த லைனை முதலில் புதிதாக இழுக்க வேண்டும்.

பாக்ஸ் முன்னால் வந்தபின் வயர் எட்டவில்லை. ஒட்டுப் போடலாமா?

போடலாம், ஆனால் முறுக்கி டேப் சுற்றுவது ஒட்டு அல்ல. ஸ்குரூ கனெக்டரோ, கிரிம்ப் செய்யும் (நசுக்கிப் பிடிக்கும்) குழாயோ பயன்படுத்துங்கள். சேர்க்கும் துண்டு பழைய வயரின் அதே தடிமனாவது இருக்க வேண்டும். 16 ஆம்பியர் பாயிண்டுக்கு 4 சதுர மி.மீ. செம்பு வயர் என்பதே எங்கள் பரிந்துரை. அலுமினியத்தையும் செம்பையும் நேரடியாகச் சேர்க்கவே கூடாது. ஒட்டு பாக்ஸுக்குள் இருக்க வேண்டும், பலகைக்குப் பின்னால் உள்ள வெற்றிடத்தில் அல்ல. அங்கே எலி இருக்கும்.

பாக்ஸிலிருந்து 15 செ.மீ. நீளம் வெளியே வரும்படி வயர் விடுங்கள். மாட்டும்போது மடித்து உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

பாக்ஸின் காது துருப்பிடித்து ஸ்குரூ வரவில்லை, அல்லது புரி போய்விட்டது.

துருநீக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுச் சிறிது நேரம் பொறுத்து, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு இழை அசைத்துப் பிறகு கழற்றுங்கள். தலை அறுந்துவிட்டால் மூக்கு பிளையரால் பிடித்துச் சுற்றலாம். உலோகக் காதில் புரி தேய்ந்திருந்தால் 3.3 மி.மீ. துளை போட்டு, புரி வெட்டும் கருவியான எம்4 டேப்பை ஓட்டினால் புதுப் புரி கிடைக்கும். பிளாஸ்டிக் பாக்ஸில் பித்தளைப் புரி கழன்று வந்துவிட்டால் பாக்ஸை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஜிஐ பாக்ஸுக்குத் தனியாக எர்த் வேண்டுமா?

வேண்டும். சாக்கெட்டின் எர்த் பின்னுக்கு மட்டும் பச்சை வயர் கொடுத்துவிட்டுப் பாக்ஸை விட்டுவிடுகிறார்கள். வயர் தோல் உரிந்து பாக்ஸில் பட்டால் பாக்ஸும், அதோடு சேர்ந்த ஸ்குரூத் தலைகளும் கரண்ட் ஏறி நிற்கும். பாக்ஸில் இருக்கும் எர்த் ஸ்குரூவில் ஒரு துண்டு வயர் கொடுங்கள். அடியறுத்த ஜிஐ சட்டம் போட்டிருந்தால் அதற்கும் ஒரு துண்டு, ஸ்குரூவின் தொடர்பை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். பாறை நிலத்தில் எர்த் குழி சரியாக அமைவது கடினம் என்பதால், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத மலை வீடு இருக்கவே கூடாது.

பாக்ஸுக்குள் தண்ணீர்த்துளி நிற்கிறது. மழை எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் அது மழையே அல்ல. அறைக்குள் ஹீட்டர் ஓடுகிறது, கூரைத் தகரத்துக்கு அடியில் பரண் பனிபோல் குளிர்ந்திருக்கிறது, இரண்டையும் வயர் பைப் இணைக்கிறது. அறையின் ஈரக்காற்று பைப்வழியாக மேலேறிக் குளிர்ந்து நீராகித் திரும்பப் பாக்ஸுக்குள் இறங்குகிறது. பைப்பின் இரு வாயையும் சிலிக்கானால் அடையுங்கள். வயர் இழுக்கவேண்டி வந்தால் சிலிக்கானைப் பிய்த்துவிடலாம்.

வெளிச்சுவரில் உள்ள பிளேட்டின் மேல்விளிம்பிலும் இரு பக்கங்களிலும் மெல்லிய சிலிக்கான் கோடு கொடுத்து, அடிப்பக்கத்தைத் திறந்து விடுங்கள். நான்கு பக்கமும் அடைத்தால் உள்ளே சேர்ந்த ஈரம் வெளியேறாது. கூடலூர் பக்கம் ஜூனிலும், கொடைக்கானலில் அக்டோபரிலும் மழை வலுக்கும் முன்பே இந்த வேலைகளை முடித்துவிடுவது நல்லது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சுவர் காய்ந்திருக்கும்.

வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் நீட்டிப்பு வளையத்தை ஆன்லைனில் வாங்கலாமா?

அமெரிக்க பாக்ஸின் அளவும் ஸ்குரூத் துளைகளின் தூரமும் வேறு. நம் மாடுலர் பாக்ஸில் உட்காராது.

இதை நாமே செய்யலாமா, ஆள் வேண்டுமா?

விளக்கு, ஃபேன், பியூஸ், ஸ்விட்ச் போன்றவற்றை அதே திறனில் மாற்றுவதைத்தான் விதிகள் வீட்டுக்காரருக்கு விட்டுவைக்கின்றன. வயரிங்கைத் தொடும் வேலை உரிமம் பெற்றவர் பொறுப்பில்தான் நடக்க வேண்டும். கையில் பழக்கம் இருந்தால் ஸ்குரூவும் ஸ்பேசரும் மாற்றலாம். சட்டம் போடுவது, பாக்ஸ் பெயர்ப்பது, வயர் ஒட்டுவது எல்லாவற்றையும் உரிமம் உள்ள வயர்மேனிடம் விடுங்கள். அவரிடம் ‘பிளக் ஆடுகிறது’ என்று மட்டும் சொல்லாமல், நான்கு மூலை அளவையும், சுவர் எதனால் ஆனது என்பதையும், பாக்ஸ் ஜிஐயா பிளாஸ்டிக்கா என்பதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு ஸ்குரூவுக்காக அவர் மறுபடி கடைவீதிக்கு இறங்கிப் போக வேண்டியிருக்காது.

இனிமேல்தான் பலகை அடிக்கப்போகிறோம். முன்கூட்டியே என்ன சொல்ல வேண்டும்?

ஆசாரியும் எலக்ட்ரீஷியனும் ஒரே நாளில் ஒரு மணிநேரமாவது சேர்ந்து நிற்க வேண்டும். பலகைக்கு அடியில் அடிக்கும் ரீப்பர் கட்டை 25 மி.மீ., பிளைவுட் 12 மி.மீ. என்றால் சுவர் 37 மி.மீ. முன்னால் வரும். ரீப்பர் அடித்தவுடன், பிளைவுட் ஏறும் முன், பாக்ஸ்களை அந்த 37க்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அப்போது ஒரு பாக்ஸுக்கு அரைமணி வேலை. பாலிஷ் எல்லாம் முடிந்தபின் செய்தால் அரைநாள், பலகையிலும் கீறல் விழும். ஹீட்டர் பாயிண்டுகளையாவது பலகை இல்லாத சுவருக்கு மாற்ற முடியுமா என்றும் அப்போதே கேளுங்கள்.

வேலை சரியாக முடிந்ததா என்று எப்படிச் சோதிப்பது?

கரண்ட் கொடுக்கும் முன் பிளக்கைப் பத்துமுறை சொருகிப் பிடுங்குங்கள், பிளேட் இம்மியும் அசையக்கூடாது. கரண்ட் கொடுத்தபின், எர்த் துளை மேலே இருக்கும்படி சாக்கெட்டை நேராகப் பார்த்தால் வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல் வர வேண்டும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

16 ஆம்பியர் பாயிண்ட் என்றால் ஹீட்டரை முழு லோடில் அரைமணி ஓடவிட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிப் பின்களைப் புறங்கையால் தொடுங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். கையை எடுக்க வைக்கும் சூடு இருந்தாலோ, ஒரு பின் மட்டும் மற்றதைவிடச் சுட்டாலோ, அந்தப் பக்கத்து டெர்மினலோ சாக்கெட்டின் கவ்வலோ தளர்ந்திருக்கிறது. மெயினை அணைத்து மறுபடி திறங்கள். பின் நுழையும் இடம் பழுப்பேறியிருந்தால் முறுக்கிப் பயனில்லை, சாக்கெட்டையே மாற்றி, கருகிய வயர் முனையை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு மாட்டுங்கள்.